ஒரு ரவுண்டுக்கு மூன்று நிமிடம்: பழைய குத்துச்சண்டை ரீல்களை வாங்கவும் காக்கவும்

பழைய ரீல் பெட்டி கைக்கு வந்தால் முதலில் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பார்ப்பதெல்லாம் அப்புறம். ரப்பர் பால் உறைய ஆசிட் ஊற்றும்போது மூக்கில் ஏறுமே, அந்த மாதிரிப் புளித்த நெடி வந்தால் பிலிம் உள்ளுக்குள் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்களுள்ள குலசேகரம் பக்கத்து ஆட்களுக்கு இந்த வாசனையை விளக்கவே வேண்டாம். பிலிமின் அடித்தளம் அசிட்டேட். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும், வினிகரில் இருக்கிற அதே அமிலம். விட்ட அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். ஒரு பெட்டியில் ஒரு ரீல் இப்படி ஆனால் பக்கத்து ரீலையும் கெடுக்கும்.

தக்கலையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பகலில் கையில் செம்புக் கம்பி, ராத்திரியில் பிலிம். என்னிடம் இருப்பது பழைய குத்துச்சண்டைப் படங்கள் மட்டும்தான், 16 எம்.எம்.மும் 8 எம்.எம்.மும் (பிலிமின் அகலம்) சேர்த்து அறுபத்துச் சொச்சம் ரீல். போன மாதம் கருங்கல் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். தாத்தா வீட்டை இடிக்கும்போது பரணில் கிடைத்த தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். உள்ளே மூன்று சின்ன ரீல். இரண்டு கல்யாணப் படம், ஒன்றில் யாரோ இரண்டு பேர் கையுறை மாட்டிச் சண்டை போடுகிறார்கள். "மாமா, இதை என்ன செய்யணும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையும் அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்கு இது எங்கே தொடங்கியது என்று சொன்னால்தான் பின்னால் வரும் கணக்கு புரியும். எங்கள் மாமா குளச்சல்காரர், கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை. 1974 கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது, லண்டனில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு 16 எம்.எம். ரீலைக் கொண்டுவந்தார். 1919 ஜூலை 4-ம் தேதி அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஜாக் டெம்ப்சியும் ஜெஸ் வில்லர்டும் மோதிய உலகப் பட்டச் சண்டை. கோயிலில் புனிதர் படம் காட்டுகிற புரொஜக்டரைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கி, முற்றத்தில் வேட்டியைக் கட்டி ஓட்டினோம். ஊரே சிரித்தது. ஆறரை அடி உயர வில்லர்டைச் சுற்றி டெம்ப்சி பொம்மலாட்டப் பொம்மை மாதிரித் துள்ளினார். விழுவதும் எழுவதும் படக் படக்கென்று நடந்தது. எங்களுக்கு அடிமுறை என்ற நம்ம ஊர்ச் சண்டைக்கலை சொல்லித்தந்த ஆசான் மட்டும் சிரிக்கவில்லை. "இது ஆளு அடிக்கது இல்ல மக்கா, மெஷின் ஓடுது" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த புரொஜக்டர் சவுண்டு படத்துக்கானது. விநாடிக்கு 24 பிரேம், அதாவது பிலிமில் வரிசையாக உள்ள தனித்தனிப் படங்கள் 24, ஓடும். ஊமைப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு 16 பிரேம், சில சமயம் இன்னும் குறைவு. பிலிம் விலை அதிகம், சண்டை எவ்வளவு நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் மெதுவாகச் சுற்றி மிச்சம் பிடித்த கேமராக்காரர்களும் உண்டு. அப்படி எடுத்ததை 24-ல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். பழைய காலத்துப் பாக்ஸர்களுக்குச் சண்டை தெரியாது, கையைச் சும்மா வீசினார்கள் என்று இன்றைக்கும் பேசுகிறார்களே, அதில் பெரும் பங்கு இந்த வேகக் கோளாறால் வந்த அவப்பெயர். அதைத் துடைக்கத்தான் நான் ரீல் சேர்க்கிறேன்.

எதைத் தேடுவது

சினிமா பிறந்த நாளிலிருந்தே குத்துச்சண்டை அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. 1894-ல் எடிசனின் ஸ்டுடியோவிலேயே ஜேம்ஸ் கார்பெட்டும் பீட்டர் கோர்ட்னியும் கேமராவுக்காக மோதினார்கள். 1897 மார்ச் 17-ம் தேதி நெவாடாவின் கார்சன் சிட்டியில் நடந்த கார்பெட் – ஃபிட்ஸிமன்ஸ் சண்டையை ஈனாக் ரெக்டர் என்பவர் 63 எம்.எம். அகல பிலிமில் எடுத்தார். ஓடும் நேரம் நூறு நிமிடத்துக்கு மேல். உலகின் முதல் முழுநீளப் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இன்று பகுதிகள்தான் மிஞ்சியிருக்கின்றன. 14-வது ரவுண்டில் ஃபிட்ஸிமன்ஸ் நெஞ்சுக்குழியில் ஒரு குத்து விட்டார், கார்பெட்டால் எழுந்திருக்க முடியவில்லை. வர்மம் படித்த நம்ம ஊர் ஆட்களிடம் இதைச் சொன்னால், இடம் எது என்று கேட்காமலே கையை நெஞ்சுக்குழியில் வைத்துக் காட்டுவார்கள்.

போலியும் அன்றைக்கே வந்துவிட்டது. பிலடெல்பியாவில் சீக்மண்ட் லூபின் என்பவர் இரண்டு ஆட்களை நிறுத்தி, பத்திரிகையில் வந்த சண்டை வர்ணனையை நடிக்கவைத்துப் படம் பிடித்து விற்றார். ஆகவே 1910-க்கு முந்தைய ரீல் என்று யாராவது சொன்னால் கூட்டத்தைப் பாருங்கள். உண்மைச் சண்டையில் மனிதத் தலை கடல்போல் இருக்கும், கேமரா தூரத்தில் இருக்கும், பாக்ஸர்கள் படத்தின் ஓரத்துக்கு வெளியே போய்விடுவார்கள். நடிப்பில் எல்லாம் ஒழுங்காக நடுவிலேயே நடக்கும்.

இந்த ரீல்கள் ஏன் இவ்வளவு அரிதாயின என்பதற்கு ஒரு சட்டமும் காரணம். 1910 ஜூலை 4-ம் தேதி ரீனோவில், கறுப்பினச் சாம்பியன் ஜாக் ஜான்சன், ஓய்விலிருந்து கூட்டிவரப்பட்ட ஜேம்ஸ் ஜெஃப்ரிஸை 15-வது ரவுண்டில் வீழ்த்தினார். ஒரு கறுப்பர் வெள்ளையரை அடித்துச் சாய்க்கும் காட்சி ஊர் ஊராக ஓடுவதைப் பொறுக்க முடியாதவர்கள் படத்துக்குத் தடை கேட்டார்கள். 1912-ல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாது என்று அமெரிக்க அரசு சட்டமே போட்டது. 1940-ல்தான் அது நீங்கியது. நடுவில் இருபத்தெட்டு வருடம் பிரதிகள் ஒளித்துக் கடத்தப்பட்டன, காப்பிக்குக் காப்பி எடுக்கப்பட்டன.

1915-ல் ஹவானாவில் ஜான்சன் 26-வது ரவுண்டில் வில்லர்டிடம் தோற்ற சண்டைப் படத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுவர என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்த வருடம், கனடா எல்லையை ஒட்டிய ரௌசஸ் பாயிண்ட் என்ற ஊரில், எல்லைக்கு அந்தப் பக்கம் பிலிமை ஓட்டி, இந்தப் பக்கம் வைத்த கேமராவில் பதிந்துகொண்டார்கள். பிலிம் எல்லையைத் தாண்டவில்லை, வெளிச்சம்தான் தாண்டியது என்று வாதம். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

சேகரிப்பாளர்கள் என்றால் முதலில் சொல்ல வேண்டியது ஜிம் ஜேக்கப்ஸ். பந்தைக் கையால் சுவரில் அடித்து ஆடும் ஹேண்ட்பால் ஆட்டத்தில் அமெரிக்கச் சாம்பியனாக இருந்தவர். பிறகு பில் கேட்டனுடன் சேர்ந்து உலகின் மிகப் பெரிய குத்துச்சண்டைப் படக் களஞ்சியத்தைச் சேர்த்தார். மைக் டைசனின் மேலாளர்களும் இவர்கள் இருவர்தான். ஜேக்கப்ஸ் 1988-ல் இறந்தார், பத்து வருடம் கழித்து அந்தக் களஞ்சியம் இ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி கைக்குப் போனது. நாம் சேர்ப்பது அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அவரும் பரண் பரணாகத் தேடித்தான் தொடங்கினார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1920களிலிருந்து 1950கள் வரையிலான சண்டைகளின் வீட்டு உபயோகப் பிரதிகளைத் தேடுங்கள். டெம்ப்சி, டன்னி, ஜோ லூயிஸ், மார்சியானோ. இவைதான் 8 எம்.எம்.மிலும் 16 எம்.எம்.மிலும் கடையில் விற்கப்பட்டன, இன்றும் கைக்கு எட்டும். 35 எம்.எம். பக்கம் போகவேண்டாம். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 எம்.எம். பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம். பற்றினால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். தற்செயலாகக் கையில் வந்தால் வீட்டில் வைக்காதீர்கள், கொளுத்திச் சோதிக்கவும் கூடாது. புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். 16 எம்.எம்.முக்கு அந்தப் பயம் தேவையில்லை. கோடாக் 1923-ல் அதைக் கொண்டுவந்ததே வீட்டில் பயமில்லாமல் ஓட்டும் பாதுகாப்பு பிலிமாகத்தான்.

வாங்கும்போது

வெளிநாட்டு ஏலத் தளங்கள்தான் பெரிய சந்தை. நம்ம மாவட்டத்தில் எனக்குக் கிடைத்தவை எல்லாம் கப்பலிலும் வளைகுடாவிலும் மலேயாவிலும் வேலை பார்த்தவர்கள் வீட்டிலிருந்து வந்தவை. நாகர்கோவில் பழைய இரும்புக் கடைகளில் புரொஜக்டர் கிடைக்கும்போது கூடவே ரீலும் இருக்கிறதா என்று கேளுங்கள். புரொஜக்டரை எடைக்குப் போட்டவர் ரீலைக் குப்பையில் போட்டிருப்பார், ஒரு வாரத்துக்குள் போனால் கிடைக்கும்.

விற்பவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். எத்தனை அடி இருக்கிறது. ரீலைப் பக்கவாட்டில் வைத்து எடுத்த படம் ஒன்று. பிலிம் ஒரு சாண் நீளத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் உள்ள குறிகளும் தெரிகிற மாதிரி இன்னொரு படம். புளிப்பு நெடி உண்டா. நேராகக் கேட்டால் நல்ல வியாபாரி நேராகச் சொல்வார். நான் ஒருமுறை "டெம்ப்சி – ஃபிர்போ, முழுச் சண்டை" என்ற விவரத்தை நம்பி அடியைக் கேட்காமல் பணம் அனுப்பிவிட்டேன். வந்தது 50 அடி ரீல். 1923-ல் நியூயார்க்கில் நடந்த அந்தச் சண்டையில் டெம்ப்சி முதல் ரவுண்டிலேயே கயிற்றுக்கு வெளியே போய் விழுவாரே, அந்தக் காட்சியே அதில் இல்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அடிக்கணக்கு பொய் சொல்லாது. 16 எம்.எம். என்றால் ஒரு அடிக்கு 40 பிரேம், 8 எம்.எம். என்றால் 80, சூப்பர் 8 என்றால் 72. 50 அடி 8 எம்.எம்.மில் 4,000 பிரேம், விநாடிக்கு 16 வீதம் நாலு நிமிடச் சொச்சம்தான் ஓடும்.

8-ஐயும் சூப்பர் 8-ஐயும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாதா 8-ல் பல் ஓட்டை, அதாவது மெஷினின் பல் சக்கரம் மாட்டும் ஓட்டை, பெரிதாக, இரண்டு பிரேமுக்கு நடுவில் இருக்கும். 1965-ல் வந்த சூப்பர் 8-ல் ஓட்டை சின்னது, பிரேமின் மையத்துக்கு நேராக இருக்கும். ஒன்றை மற்றதன் மெஷினில் போட்டால் பிலிம் கிழியும். 16 எம்.எம்.மில் ஊமைப்படப் பிரதிக்கு இரண்டு ஓரமும் ஓட்டை, சவுண்டுப் பிரதிக்கு ஒரு ஓரம் மட்டும். பழைய ஊமைப்பட புரொஜக்டரின் பல் சக்கரத்தில் இரண்டு பக்கமும் பல் இருக்கும். அதில் சவுண்டு பிலிமை ஏற்றினால் சவுண்டு டிராக்கின் மேலேயே வரிசையாகத் துளை போட்டுவிடும். நம்ம ஊரில் நான் பார்த்த சேதத்தில் பாதி இதனால்தான்.

ஓரக் குறிகளைப் பற்றிச் சொன்னேனே, கோடாக் பிலிமில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது பிலிம் தயாரான வருடத்தின் அடையாளம். இருபது வருடத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். ஒற்றை வட்டம் என்றால் 1916, 1936, 1956, 1976 இவற்றில் ஒன்று. சண்டை நடந்த வருடம் வேறு, பிரதி எடுத்த வருடம் வேறு என்பதை மறக்காதீர்கள். 1919 சண்டையின் பிரதி 1956-ல் எடுத்ததாக இருக்கலாம், அதில் தவறில்லை. எத்தனையாவது காப்பி என்பதுதான் முக்கியம். விளக்கின் கீழ் பிலிமைச் சாய்த்துப் பாருங்கள். கீறல் மேற்பரப்பில் மினுங்கினால் அது இந்தப் பிரதியில் விழுந்தது. மேற்பரப்பு வழவழப்பாக இருந்தும் படத்துக்குள் கீறல் தெரிந்தால், அது இதற்கு முந்தைய பிரதியிலிருந்து வந்தது. பாக்ஸரின் முகத்தில் கண் இருக்கும் இடம் வெறும் கறுப்புக் குழியாகத் தெரிந்தால் பல தலைமுறைக் காப்பி. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஓட்டுவதற்கு முன்

புதிதாக வந்த ரீலை அன்றே புரொஜக்டரில் ஏற்றாதீர்கள். எவ்வளவு ஆசை இருந்தாலும் சரி. ரீவைண்டரில் போட்டு, பருத்திக் கையுறையோடு ஓரத்தை மட்டும் பிடித்து, கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒட்டு விட்ட இடம், கிழிந்த ஓட்டை எல்லாம் விரலில் தட்டுப்படும்.

அடுத்து சுருக்கம் அளக்க வேண்டும். பழைய பிலிம் நீளத்தில் சுருங்கும். நல்ல 16 எம்.எம். பிலிமில் 100 பிரேம் என்றால் 76.2 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேலை மேஜையில் வைத்து, 100 பிரேமை எண்ணி அதன் மேல் தட்டையாகப் படுக்க வையுங்கள். 75.4-க்கு வந்துவிட்டால் ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது. அதை நான் புரொஜக்டரில் ஓட்ட மாட்டேன், பல் ஓட்டையைக் கிழித்துவிடும்.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் போதும், நைந்த பழைய பருத்தி வேட்டித் துணியில் லேசாக நனைத்து. ஒரு அடி துடைத்தால் அது காய்ந்த பிறகுதான் சுருளில் சேர வேண்டும். சவுண்டுக்குக் காந்தப் பட்டை ஒட்டிய பிலிமாக இருந்தால் ஓரத்தில் சோதித்துவிட்டுத் தொடுங்கள். தண்ணீர், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் ஆகாது. பழைய ஆபரேட்டர்கள் சி.டி.சி. என்று கார்பன் டெட்ராகுளோரைடு வைத்துத் துடைப்பார்கள். அது ஈரலைக் கெடுக்கும் விஷம், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஒட்டுப் போடுவதற்கு, டேப்பால் ஒட்டும் கருவியான டேப் ஸ்ப்ளைசரே புதியவர்களுக்கு நல்லது. பிலிம் சிமெண்ட் என்ற பசை அசிட்டேட்டில் மட்டும்தான் பிடிக்கும், பாலியெஸ்டர் அடித்தளமுள்ள பிலிமில் பிடிக்காது. எது எது என்று எப்படித் தெரியும்? ரீலைப் பக்கவாட்டில் விளக்குக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் சுருளினூடே ஊடுருவித் தெரிந்தால் பாலியெஸ்டர், இருட்டாக இருந்தால் அசிட்டேட்.

ரவுண்டை வைத்து வேகம் கண்டுபிடிப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கையால் சுற்றிய கேமரா எந்த வேகத்தில் ஓடியது என்று பெரும்பாலான ஊமைப்படங்களில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. குத்துச்சண்டைப் படத்துக்கு மட்டும் ஒரு வரம் இருக்கிறது. படத்துக்குள்ளேயே கடிகாரம் உண்டு. ஒரு ரவுண்டு மூன்று நிமிடம், அதாவது 180 விநாடி. மணி அடித்து இருவரும் மூலையிலிருந்து கிளம்பும் பிரேமில் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் சுருளில் செருகுங்கள். ரவுண்டு முடிந்து கை தாழ்த்தித் திரும்பும் பிரேமில் இன்னொன்று. நடுவில் உள்ள நீளத்தை அடியில் அளந்து, 16 எம்.எம். என்றால் 40-ஆல் பெருக்குங்கள், 180-ஆல் வகுங்கள். 72 அடி இருந்தால் 2,880 பிரேம், விநாடிக்குச் சரியாக 16. 81 அடி இருந்தால் 18. அவ்வளவுதான் வித்தை.

கவனிக்க வேண்டியவை உண்டு. ரவுண்டு நடுவில் வெட்டு இருக்கக் கூடாது. பாக்ஸர்கள் சட்டென்று இடம் மாறினால் வெட்டு என்று அர்த்தம், அந்த ரவுண்டை விட்டுவிடுங்கள். கேமராக்காரர் களைத்தால் கை மெதுவாகும், அதனால் இரண்டு மூன்று ரவுண்டை அளந்து பாருங்கள். மூன்று நிமிடம் முழுசாக நடந்த ரவுண்டாகவும் இருக்க வேண்டும். மாமாவின் டெம்ப்சி – வில்லர்டு ரீலில் முதல் ரவுண்டு இதற்கு உதவாது. வில்லர்டு அந்த ஒரு ரவுண்டிலேயே ஏழு முறை விழுந்தார். கூச்சலில் மணிச் சத்தம் கேட்காமல், சண்டை முடிந்தது என்று டெம்ப்சி வளையத்தை விட்டே இறங்கிப் போய், திரும்பக் கூப்பிட்டு வந்தார். அதனால் நான் இரண்டாவது ரவுண்டை அளந்தேன்.

வேகம் தெரிந்தால் போதாது, மெஷினும் அந்த வேகத்தில் ஓட வேண்டும். சில புரொஜக்டர்களில் 16-க்கும் 24-க்கும் ஸ்விட்ச் இருக்கும். என்னுடையதில் இல்லை. 1993-ல் மோட்டார் புல்லியைக் கடைசல் பிடித்து மாற்றினேன். வேகம் குறைந்தால் படம் மினுக்கும், அதற்கு, சுழன்று வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடும் ஷட்டரில் மூன்று இதழ் வேண்டும். விநாடிக்கு 16 பிரேமை மூன்று தடவை வெட்டினால் 48, இரண்டு இதழில் 24 பிரேம் ஓடும்போது வருகிற அதே 48. மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு பிரேமும் லாம்ப் சூட்டில் கூடுதல் நேரம் நிற்கும், அதனால் லாம்ப் வாட்டையும் குறைத்தேன்.

அந்த ராத்திரி ஆசானைக் கூட்டிவந்து அதே ரீலை ஓட்டினேன். அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. யாரும் சிரிக்கவில்லை. டெம்ப்சியின் இடது கால் முன்னால் விழுவதும், உடம்பின் மொத்த எடையும் அதன் மேல் இறங்குவதும், அதற்கப்புறம்தான் கை போவதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தது. தன்னைவிட ஐம்பது பவுண்டுக்கு மேல் கனமான ஒருவரை எப்படி வீழ்த்தினார் என்பது அங்கே இருந்தது. ஆசான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, "இப்பம்தான் ஆளு நிக்கான் மக்கா. கையப் பாக்காத, காலப் பாரு. அடி அங்க இருந்துதான் வருது" என்றார். மூன்று தடவை ஓட்டச் சொன்னார்.

வேகம் தப்பினால் வரலாறே தப்பும். 1927-ல் சிகாகோவில் நடந்த இரண்டாவது டெம்ப்சி – டன்னி சண்டையில், 7-வது ரவுண்டில் டன்னி விழுந்தார். டெம்ப்சி இருவருக்கும் பொதுவான நடுநிலை மூலைக்கு உடனே போகாததால் நடுவர் பத்து எண்ணத் தொடங்கத் தாமதித்தார். டன்னி தரையில் இருந்தது சுமார் 14 விநாடி என்று சொல்லி இன்றுவரை சண்டை போடுகிறார்கள். கணக்குக்காக அதை 16 பிரேம் வேகத்தில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். 224 பிரேம். 24-ல் ஓட்டினால் 9 விநாடிச் சொச்சத்தில் எழுந்துவிடுவார். தாமதமே நடக்கவில்லை என்று ஆகிவிடும்!

தலைகீழாகவும் நடக்கும். கருங்கல் பையனின் ரீலுக்கு வருகிறேன். சாதா 8 எம்.எம்., தலைப்பு கிழிந்துபோய் யார் என்றே தெரியவில்லை. வியூவரில் வைத்துச் சுற்றினோம். ராத்திரி நேரத்து ஸ்டேடியம், கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையர் ஒருவரைக் கயிற்றோரம் ஒதுக்கி அடிக்கிறார், வெள்ளையர் விழுகிறார். அப்போது மூலையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டு பறந்து வருகிறது. நடுவர் அதை எடுத்து எறிகிறார், கயிற்றில் போய்த் தொங்குகிறது. எனக்குப் போதும். 1938 ஜூன் 22, யாங்கி ஸ்டேடியம், ஜோ லூயிஸ் – மேக்ஸ் ஷ்மெலிங், நடுவர் ஆர்தர் டொனோவன். மொத்தச் சண்டையே 124 விநாடி. சவுண்டு காலத்துப் படம், 24-ல் எடுத்தது. அதைச் சாதா 8 எம்.எம். மெஷினில் 16-ல் ஓட்டினால் 124 விநாடி 186 ஆக இழுக்கும். லூயிஸின் கை தண்ணீருக்குள் போவது மாதிரித் தெரியும். அவர் கை அப்படிப்பட்டதல்ல.

ஸ்கேன்

சுவரில் ஓடுவதைப் போனில் பிடிப்பது ஸ்கேன் ஆகாது. புரொஜக்டரின் லாம்பைக் கழற்றிவிட்டு, பால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன எல்.இ.டி.யை வையுங்கள். மெஷினை மிக மெதுவாக ஓட்டி, மேக்ரோ லென்ஸ் போட்ட கேமராவால் ஒவ்வொரு பிரேமாக எடுக்க வேண்டும். 400 அடி 16 எம்.எம். ரீலில் 16,000 பிரேம், பொறுமை வேண்டும். சுருங்கிப்போன ரீலை இதற்கும் பல் சக்கரத்தில் மாட்டாமல் உருளையில் இழுக்கிற ஸ்கேனரில்தான் கொடுக்க வேண்டும். பிரேமின் ஓரமும் குறிகளும் சேர்ந்து தெரிகிற மாதிரி எடுங்கள். அளந்த வேகத்தைக் கம்ப்யூட்டரில் கொடுங்கள், கூடுதல் பிரேம் செருகி வழவழப்பாக்குவது, வண்ணம் பூசுவது இரண்டும் மூலப் பிரதியில் வேண்டாம். இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

நம்ம ஊர் ஈரம்

இடவப்பாதியில் தென்மேற்குப் பருவமழை, துலாமில் வடகிழக்குப் பருவமழை என்று வருடத்தில் இரண்டு மழை. மற்ற மாவட்டத்துக்காரர்கள் சொல்லும் யோசனை இங்கே பாதிதான் செல்லும். ஓடு, ஷீட் கூரைக்குக் கீழே உள்ள பரண் வேண்டவே வேண்டாம், பகலில் சூடு, ராத்திரி ஈரம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். வீட்டின் நடு அறை, தரையிலிருந்து ஒரு அடி உயரம், ரீல் படுத்த வாக்கில். கடலோரத்தில் தகர டப்பா இரண்டு வருடத்தில் துருப்பிடித்து, துரு பிலிமில் உதிரும். பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். பாச்சை உருண்டை போடாதீர்கள்.

நெடி வந்துவிட்ட ரீலைத் தனியாகப் பிரித்து, முதலில் அதைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். பிறகு டப்பாவை நல்ல ஜிப் கவரில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, அதை இன்னொரு ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர் சிதைவை நிறுத்தாது, வெகுவாகத் தாமதப்படுத்தும். வெளியே எடுத்தால் ஒரு நாள் முழுக்க கவரைப் பிரிக்கக் கூடாது, உடனே பிரித்தால் பிலிமின் மேல் தண்ணீர் கோர்க்கும். கெட்டுப்போகிறதா என்று மூக்கால் தெரியாதவர்கள் ஏ-டி ஸ்ட்ரிப் என்ற நீலக் காகிதம் வாங்கி டப்பாவுக்குள் போடலாம். அமிலம் இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகும்.

சட்டம் பற்றி இரண்டு வரி. ரீல் உங்களுடையது, படத்தின் உரிமை உங்களுடையதல்ல. இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்கு வெளியான அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம் உரிமை உண்டு. அமெரிக்காவில் கணக்கு வேறு. வீட்டில் நாலு பேரோடு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இணையத்தில் ஏற்றுவதற்கு முன் விசாரியுங்கள்.

இன்னும் நான் தேடுவது இரண்டு. ஹாரி கிரெப், ஏறத்தாழ 300 சண்டை போட்டவர், 1922-ல் ஜீன் டன்னியை அவர் வாழ்க்கையில் தோற்கடித்த ஒரே ஆள். வளையத்துக்குள் அவர் மோதும் படம் ஒரு அடிகூட வெளியே வரவில்லை. பயிற்சி செய்யும் துண்டு மட்டும்தான் உண்டு. அது நம்ம ஊரில் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது கிடைக்கலாம். 1980-ல் முகமது அலி சென்னை வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். அன்றைக்கு கேலரியில் சூப்பர் 8 கேமராவோடு யாராவது உட்கார்ந்திருந்தால், அந்த ரீல் இப்போது ஏதோ ஒரு பரணில் கல்யாணப் படங்களோடு கிடக்கும். வீடு இடிக்கிறார்கள் என்று தெரிந்தால் போய்க் கேளுங்கள். ரீல் கிடைத்தால், ஈரம் காயட்டும் என்று வெயிலில் மட்டும் விரித்துவிடாதீர்கள். நிழலில் வைத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்புங்கள், நான் ரீவைண்டரோடு வருகிறேன்.